சிவப்பு அறைச் சல்லடை

எங்கள் தீப்பெட்டித் தொழிற்சாலையில் அவளைச் செவப்பக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஆள் நல்ல கருப்பு. லேபிள் ஒட்டும் வேலைக்கு நான் சேர்ந்த புதிதில், "மொட்டைத் தலையனுக்குச் சுருட்டையன்னு பேர் வச்ச கதையா இருக்கே" என்று அவள் முகத்துக்கு நேராகவே சிரித்துவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அக்கா கோபப்படவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள். ரேகைகளிலும் நகக்கண்களிலும் செங்கல் நிறத்தில் கறை ஏறியிருந்தது. தேய்த்துக் குளித்தாலும் போகாதாம்.

அந்தக் கறை சிவப்பு பாஸ்பரஸ். தீப்பெட்டியின் பக்கவாட்டில் குச்சியை உரசுகிறோமே, அந்தப் பட்டையில் இருப்பது. பசையும் கண்ணாடித் தூளும் சேர்த்துக் கூழாக்கி அட்டையில் பூசுவார்கள். குச்சியின் தலையில் இருப்பது வேறு மருந்து. அதில் முக்கியமானது குளோரேட் என்கிற வெள்ளைப் பொடி. சிவப்பும் வெள்ளையும் தனித்தனியாக அடக்க ஒடுக்கமாக இருக்கும். இரண்டும் சேர்ந்து லேசாக உரசினால் போதும், பற்றிக்கொள்ளும். அந்த உரசல் பெட்டியை வாங்கினவர் கையில் நடக்க வேண்டும். தொழிற்சாலைக்குள் நடந்துவிட்டால் ஆள் மிஞ்சாது.

அதனால் முற்றத்தின் நடுவே ஒரு மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் சிவப்பு அறை, அந்தப் பக்கம் வெள்ளை அறை. வாளி, துடைப்பம், கரண்டி, துணி, குழாயடி எல்லாம் இரண்டிரண்டு. ஆட்களும் அறை மாறக் கூடாது. கோட்டைத் தாண்டி ஒரு சாமான் போனால், கொண்டுபோனவர் அன்றைக்கே கணக்கை முடித்துக்கொண்டு கிளம்ப வேண்டும். அது எழுதாத சட்டம் அல்ல, வாசலில் பெரிய எழுத்தில் எழுதியே வைத்திருந்த சட்டம்.

சிவப்பு அறை செவப்பக்காவின் ராஜ்யம். பீப்பாய் மூடியை இழுக்கக் கூடாது, தூக்கித்தான் எடுக்க வேண்டும். அள்ளுவதற்கு மரக்கரண்டிதான், இரும்பு உள்ளேயே வரக் கூடாது. பொடி புகையாகக் கிளம்பாதபடி மெதுவாகப் பசைத்தண்ணீரில் இறக்க வேண்டும். தரையில் சிந்தினால் துடைப்பத்தை எடுக்கிறவள் தொலைந்தாள். ஈரத்துணியை மேலே போட்டு ஒற்றி எடுத்து, அந்தத் துணியையும் தண்ணீர் வாளிக்குள்ளேயே போட வேண்டும். மேலங்கியும் செருப்பும் அறையிலேயே தங்கும். தும்மல் வந்தால்கூட, "வெளிய போய்த் தும்மிட்டு வா, உன் தும்மல் ஒண்ணும் ஓடிப் போயிடாது" என்பாள்.

ஒரு மழைக்காலத்தில் யாரோ ஒரு பீப்பாயைச் சரியாக மூடாமல் விட்டுவிட்டார்கள். காலையில் அறைக்குள் காலை வைத்ததும் பூண்டு வாடை. "யாருப்பா அது, வேலை நேரத்துல பூண்டு உரிக்கிறது?" என்று ஒருத்தி கேலி செய்தாள். அக்கா சிரிக்கவில்லை. எல்லோரையும் வெளியே தள்ளி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வாடை போகும்வரை ஒருத்தரையும் உள்ளே விடவில்லை. பொடியில் ஈரம் இறங்கினால் விஷவாயு கிளம்பும் என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பீப்பாய் கொண்டுவரும் லாரி டிரைவர் ஒருமுறை சொன்னாராம், இதே பொடியை சுவிட்ச் செய்கிற பிளாஸ்டிக்கில் கலக்கிறார்கள், கலந்தால் அந்தப் பிளாஸ்டிக் லேசில் தீப்பிடிக்காது என்று. அக்காவுக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம். "பாரு, சேர்ற இடத்தைப் பொறுத்துதான் எல்லாம். ஒரு இடத்துல நெருப்பு வைக்குது, இன்னொரு இடத்துல நெருப்பத் தடுக்குது" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்படிப்பட்டவளுக்கு மாப்பிள்ளை எங்கிருந்து வந்தான் என்றால், கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. வெள்ளை அறையில் குச்சி மருந்து கலக்குகிறவர். மாஸ்டர் என்று கூப்பிடுவோம். சாப்பாட்டு நேரத்தில் அவர் அந்தப் பக்கம் நிற்பார், இவள் இந்தப் பக்கம் நிற்பாள். நடுவில் முற்றம் அகலத்துக்கு இடைவெளி இருந்ததால் கத்தித்தான் பேச வேண்டும். ஊரில் எல்லோரும் ரகசியமாகக் காதலிப்பார்கள், இவர்கள் தொழிற்சாலை முழுக்கக் கேட்கிற மாதிரி காதலித்தார்கள். "நேத்து ஏன் சாப்பிடல?" என்று மாஸ்டர் கேட்டால் லேபிள் அறையிலிருந்து நாங்கள் பதில் சொல்லுவோம்.

ஒருநாள் மாஸ்டர் ஒரு ஆரஞ்சுப் பழத்தைக் கோட்டைத் தாண்டி உருட்டிவிட்டார். அக்கா அதைக் கையால் தொடவே இல்லை. இடுக்கியால் எடுத்துத் தண்ணீர் வாளியில் போட்டாள். மாஸ்டர் முகம் தொங்கிவிட்டது. "கோவிச்சுக்காதீங்க. சாயங்காலம் கையக் கழுவிட்டு, துணிய மாத்திட்டு, கேட்டுக்கு வெளிய வந்து குடுங்க. தோலோட திங்கிறேன்" என்றாள். அவர் அப்படியே வந்து கொடுத்தார். பிற்பாடு என்னிடமே சொல்லியிருக்கிறார்: "அன்னைக்குத்தான் முடிவு பண்ணேன். இவ கையில குடும்பம் பத்திரமா இருக்கும்."

கல்யாணத்தில், நெருப்புப் பெட்டிக் கல்யாணம் என்று கிண்டல் செய்தோம். குச்சியும் பெட்டியும் ஒரே வீட்டில். அவர்கள் குடியேறியது என் பக்கத்து வீட்டில்தான். நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். வீட்டுக்குள்ளும் அக்கா கோட்டை விடவில்லை. வாசலை ஒட்டி, வேலைத்துணி மாட்ட இரண்டு ஆணி, இரண்டு வாளி, இரண்டு சோப்பு. அவர் துணி ஒரு கொடியில், இவள் துணி இன்னொரு கொடியில். மகள் பிறந்த பிறகு, பிள்ளை வீறிட்டு அழுதாலும் முழங்கைவரை தேய்த்துக் கழுவாமல் தூக்க மாட்டாள். இரண்டு பேரும் கழுவி முடித்த பிறகு துடைத்துக்கொள்ள மட்டும் உள் கதவில் ஒரு துண்டு தொங்கும். அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் பொதுவான துணி அது ஒன்றுதான். மகள் வளர்ந்து கல்யாணமாகி வெளியூர் போன பிறகும் அந்த ஆணி, அந்த வாளி, அந்தத் துண்டு மாறவில்லை.

இனி நடந்ததைச் சொல்லப்போகிறேன். சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். வரட்டும்.

அன்று காலை பெரிய ஆர்டர் ஒன்று கிளம்ப வேண்டியிருந்தது. வெள்ளை அறையில் பொடி சலிக்கிற சல்லடை கிழிந்துபோயிற்று. ஸ்டோர்காரர் சாவியோடு இன்னும் வந்து சேரவில்லை. அவசரத்தில் அண்டாவுக்குள்கூடக் கை நுழையாது என்பார்களே, மாஸ்டருக்கு அன்று புத்தி நுழையவில்லை. அக்கா பீப்பாய் எடுக்கப் பின்பக்கம் போயிருந்த நேரம் பார்த்து, கோட்டைத் தாண்டி வந்து, சிவப்பு அறை ஆணியில் தொங்கிய சல்லடையை எடுத்துக்கொண்டு போனார். அது கூழ் வடிகட்டும் சல்லடை. குழாயடியில் மூன்று தடவை கழுவினாராம், வெயிலில் காய வைத்தாராம். பார்க்கப் பளிச்சென்று இருந்ததாம். சிவப்பு பாஸ்பரஸ் தண்ணீரில் கரையாது. கழுவினால் கண்ணுக்குத் தெரிவதுதான் போகும், மரச்சட்டத்தின் இடுக்கிலும் வலையின் மடிப்பிலும் இருப்பது அங்கேயே இருக்கும். மாஸ்டருக்கு இது தெரியாதா? அவருக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்.

சல்லடையைத் தன் உதவியாளிடம் கொடுத்து, "சீக்கிரம் சலி" என்றார். அந்த உதவியாளை நாங்கள் தாடி என்போம். நெஞ்சுவரை தாடி வைத்திருந்தார், பெண்டாட்டி பிள்ளைகளோடு அடுத்த தெருவில் இருந்தார். தாடி வெள்ளைப் பொடியைப் போட்டுக் கையால் தேய்த்தார். சத்தம் எங்கள் அறை ஜன்னலை உடைத்தது. நான் போர்வையை எடுத்துக்கொண்டு ஓடினேன். மாஸ்டர் தாடியைத் தோளில் போட்டுக்கொண்டு புகைக்குள்ளிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார். அதை நான் மறைக்க மாட்டேன். அந்தத் தைரியம் அவருக்கு இருந்தது. தாடிக்கு இரண்டு கையும் வெந்து, தாடி கருகி, ஒரு கண் போய்விட்டது. இன்னொரு கண்ணில் கட்டு.

இரண்டு நாள் கழித்து மேனேஜர் அறையில் விசாரணை. மேசைமேல் அந்தச் சல்லடை கிடந்தது. ஒரு பக்கம் கரி, மறுபக்கம் வலை கிழிந்த இடத்தில் நீல நூலால் போட்ட தையல் அப்படியே இருந்தது. அந்தத் தையலை அக்கா போட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். போர்வை கொண்டுபோனவள் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"இது உன்னோடதா?" என்று மேனேஜர் கேட்டார்.

"ஆமாங்க" என்றாள் அக்கா. "காலையில ஆணியில காணோம். தேடுனேன், கெடைக்கல. அன்னைக்குத் துணி வச்சுத்தான் வடிகட்டுனேன்."

"வெள்ள ரூமுக்கு எப்படிப் போச்சு?"

"அதாங்க எனக்கும் தெரியல."

மேனேஜர் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் நீல நூலைப் பார்த்தார். பிறகு, "நான் சல்லடை கிழிஞ்சு போச்சுன்னு சொன்னேங்க. இவதான் கொண்டாந்து குடுத்தா. நல்லா கழுவிட்டேன், சும்மா சலிங்கன்னு சொன்னா. நான் யோசிக்காம வாங்கிட்டேன், அது என் தப்பு" என்றார்.

அக்கா சல்லடையையும் மாஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில், "நான் குடுக்கலையே" என்றாள். எங்கேயோ ஒரு சாமானை வைத்துவிட்டு மறந்துபோனவள் பேசுகிற மாதிரி இருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், இந்த அக்காவா கோட்டைத் தாண்டும்? இவங்க செருப்பு காத்துல அந்தப் பக்கம் போனாக்கூட விட்டுட்டு வெறுங்காலோட வீட்டுக்குப் போறவங்க சார்" என்றேன்.

"நீ பாத்தியா?" என்றார் மேனேஜர்.

"பாக்கல. ஆனா எனக்குத் தெரியும்."

"கட்டுன புருஷனே சொல்றான். பொண்டாட்டி மேல பொய் சொல்ல அவனுக்கு என்ன தலையெழுத்தா? நீ போய் லேபிள் ஒட்டு."

அதுதான் விஷயம். வேறு யார் சொல்லியிருந்தாலும் அந்த அறையில் இரண்டு பேராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். புருஷன் சொன்னதால் ஒருத்தரும் சந்தேகப்படவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது பழமொழி, இங்கே இரண்டும் ஒரே வீட்டில் இருந்தன. மாஸ்டருக்கு எச்சரிக்கை. அக்காவுக்கு வேலை போயிற்று. மேலங்கியைக் கழற்றி அறையிலேயே தொங்கவிட்டு, முழங்கைவரை கழுவிக்கொண்டு, ஈரக்கையோடு கேட்டைத் தாண்டிப் போனாள்.

அன்று சாயங்காலம் சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து பாதியை நானே கேட்டேன், மீதியை அக்கா பிறகு சொன்னாள்.

"ஏங்க அப்படிச் சொன்னீங்க?" என்று அக்கா கேட்டாள்.

"நான் எடுத்தேன்னு சொன்னா என்னத் தொரத்திடுவாங்க. இந்த வயசுல என்ன எவன் வேலைக்குச் சேப்பான்? போலீஸ் வரைக்கும் போயிருக்கும். உனக்கு வேலை போனா வீட்டுல இருப்ப, அவ்வளவுதான?"

"அவ்வளவுதானா?"

"நீ என் பொண்டாட்டி. எனக்காகப் பொறுத்துக்க மாட்டியான்னு ஒரு நம்பிக்கை."

என் காதில் விழுந்த அந்த வார்த்தைக்கு நான் சுவரை இடித்துக்கொண்டு போயிருப்பேன். நம்ப வைத்துக் கழுத்தறுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நம்பிக்கொண்டே கழுத்தறுத்தவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். அக்கா கத்தவில்லை. "கேட்டிருந்தா பொறுத்திருப்பேன். நீங்க கேக்கல, எடுத்துக்கிட்டீங்க. சல்லடைய எடுத்த மாதிரியே" என்றாள்.

அடுத்த வாரம் நானும் அக்காவும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தாடிக்கு முகத்தின் மேல்பாதியில் கட்டு, கீழ்ப்பாதியில் தாடி இல்லாமல் வேறு யாரோ படுத்திருப்பது போல் இருந்தது. அக்காவின் குரலைக் கேட்டதும் தலையைத் திருப்பினார்.

"மாஸ்டர் வந்திருந்தாருக்கா, எல்லாம் சொன்னாரு. நீங்க மனசக் கஷ்டப்படுத்திக்காதீங்க. வேணும்னேவா செஞ்சீங்க? யானைக்கும் அடி சறுக்கும். நான் உங்கள மன்னிச்சுட்டேன்" என்றார்.

அவர் மனைவி மன்னிக்கவில்லை. நாங்கள் கொண்டுபோன பழப்பையை வாங்காமல் சுவரைப் பார்த்து நின்றாள். நான் வாயைத் திறக்கப் போனேன். அக்கா என் மணிக்கட்டைக் கிள்ளினாள்.

வெளியே வந்ததும், "ஏன்க்கா தடுத்தீங்க?" என்று சண்டைக்குப் போனேன்.

"நாம சொன்னா, இவ தப்பிச்சுக்கப் பாக்குறான்னு ஆகும். அவர் வாயால வரணும்" என்றாள். பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு அழுதாள். "வேலை போனது போகட்டும். ஆனா அந்த மனுஷன் என்ன மன்னிக்கிறாரு பாத்தியா. செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கிக்கிட்டு எப்படி வாழுறது?"

வீட்டில் மாஸ்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "மேனேஜர்கிட்ட சொல்ல வேணாம். வேலையும் வேணாம். தாடிகிட்ட மட்டும் உண்மையச் சொல்லுங்க. அது போதும் எனக்கு."

மாஸ்டர் தலையாட்டினார். சொல்கிறேன் என்று சத்தியம்கூடச் செய்தார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் கிளம்பினார்கள். அக்கா என்னையும் வரச் சொன்னாள். நல்ல சேலை கட்டியிருந்தாள்.

மாஸ்டர் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். "தாடி, ஒரு விஷயம் சொல்லணும்" என்றார்.

"நீங்க சொல்லவே வேணாம் மாஸ்டர்" என்றார் தாடி. "நீங்க தூக்கிட்டு ஓடலைன்னா நான் இன்னைக்கு இல்ல. என் பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டேன், மாஸ்டர்தான் நமக்கு எல்லாம்னு."

தாடியின் மனைவி எழுந்து மாஸ்டரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். மாஸ்டர் அந்தக் கைகளைப் பார்த்தார். அக்கா அவர் முதுகுக்குப் பின்னால் நின்று காத்திருந்தாள்.

"அதில்ல" என்றார் மாஸ்டர். "இவளும் ரொம்ப வருத்தப்படுறா. அவளுக்காக நான் உங்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

அக்காவின் முகத்தை அப்போது நான் பார்த்தேன். அதை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவள் மாஸ்டரைச் சுற்றிக்கொண்டு வந்து கட்டிலின் மறுபக்கம் நின்றாள்.

"தம்பி, நான் அந்தச் சல்லடையக் குடுக்கல. நான் கோட்டத் தாண்டல. இவர்தான் வந்து எடுத்தாரு. நீங்க நம்புங்க, நம்பாமப் போங்க. உங்க மன்னிப்பு எனக்கு வேணாம்" என்றாள்.

மாஸ்டர் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. தாடியின் மனைவிதான் பேசினாள். "அடிப்பாவி. கூட நின்னு மன்னிப்புக் கேக்குற புருஷன் மேலயே பழியத் தூக்கிப் போடுறியே" என்றாள்.

நான் பேசினேன், நிறையப் பேசினேன். ஒரு நர்ஸ் வந்து என்னை வெளியே அனுப்பினாள்.

தாடி பிழைத்து, கட்டு பிரித்த ஒரு கண்ணோடு இப்போது தொழிற்சாலை வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறார். மாஸ்டருக்கு மரியாதை கூடிவிட்டது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களை மேனேஜர் அந்த மஞ்சள் கோட்டருகே கூட்டிக்கொண்டு போய், மாஸ்டரைக் காட்டி, "பொண்டாட்டின்னுகூடப் பாக்காம உண்மையச் சொன்ன மனுஷன்" என்கிறார். மாஸ்டர் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார். நான் லேபிளை ஓங்கி ஓங்கி ஒட்டுகிறேன்.

அக்கா வீட்டிலேயே தலையணை உறை தைக்கிறாள். அவள் உள்ளங்கையில் இப்போது கறை இல்லை. சாதாரணப் பெண்பிள்ளைக் கை. பேரை மட்டும் நாங்கள் மாற்றவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது நான் அவர்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மாஸ்டர் கை கால் கழுவிவிட்டு, வழக்கம்போல உள் கதவுத் துண்டுக்குக் கையை நீட்டினார். கதவில் துண்டு இல்லை. அக்கா அதை மடித்துத் தன் தோளில் போட்டிருந்தாள்.

"துண்டு எங்க?" என்றார்.

"உங்களுக்கு வேற வச்சிருக்கேன்" என்றாள் அக்கா. "அங்க, உங்க ஆணியில."